தலைக்கு ஒன்று

என் அருமை மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, நேரத்துக்கு ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போய் வந்துகொண்டு இருக்கிறோம். நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை, அதனால் இப்படி எழுதுகிறேன். உனக்கு இருமல் விட்டதா, உன் அறை ஜன்னலில் காற்று புகுகிற இடத்தில் துணியை வைத்து அடைக்கச் சொன்னேனே, அடைத்தாயா என்று தெரிந்துகொள்ள வேண்டும். போன்தான் இருக்கிறதே, அம்மா எதற்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ குறுக்கே வேறொன்று கேட்பாய், தம்பி பேச்சு வந்ததும் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய். லைன் நன்றாகத்தான் இருக்கிறது கண்ணு, எனக்குத் தெரியும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நான் படித்தது கொஞ்சம், எழுத்து ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும், வரி மேலே ஏறும் கீழே இறங்கும், நீதான் நிதானமாகப் படித்துக்கொள்ள வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அலமாரி விஷயம். தம்பியின் பெட்டி கப்பலிலிருந்து வந்து சேர்ந்தது என்று நான் சொன்ன அன்றைக்கே நீ, அம்மா, அதுல இருக்கறதையெல்லாம் வரிசையா வைக்கிற மாதிரி ஒரு கண்ணாடி அலமாரி செய்யச் சொல்லு, அதெல்லாம் இனிமே நினைவுப் பொருள், யாரும் தொடக் கூடாது, செலவை நான் பாத்துக்கறேன் என்றாய். கூடவே இன்னொன்றும் சொன்னாய். எனக்குன்னு அதுல ஒண்ணும் இருக்காதும்மா, நான்தான் வேணாம்னு சொன்னவளாச்சே என்றாய். சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ அனுப்பிய தச்சர் வந்தார், அளவு நாடாவை எடுத்து முன்னறைச் சுவரை இப்படியும் அப்படியும் அளந்தார். அவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்து, அலமாரி வேணாங்க, சமையலறைக் கதவு தரையில உரசுது, அதைக் கொஞ்சம் இழைச்சு விட்டுட்டுப் போங்க என்றேன். இப்போது கதவு சத்தம் போடாமல் மூடுகிறது. கோபப்படாதே. ஏன் அப்படிச் செய்தேன், அப்புறம் என்ன நடந்தது, இனிமேல் நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் ஆரம்பத்திலிருந்து எழுதினால்தான் எனக்குக் கோர்வை வரும். அவன் கப்பல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வரும்போதும் என்ன செய்வான். நான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில் கிழிசல் என்று கழித்துப் போட்டதில் கொண்டுவந்த வெள்ளை விரிப்பை முன்னறைத் தரையில் விரிப்பான். வாங்கி வந்த சாமான்களை அதில் பரப்பிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வான். எது யாருக்கு என்று வாயைத் திறக்க மாட்டான். கேட்டால், நான் சொல்ல மாட்டேன், உங்க கையே சொல்லும் என்பான். ஒவ்வொருவராகப் போய்க் கையை நீட்ட வேண்டும். எடுத்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், வயிறு குலுங்கச் சிரிப்பான், பாத்தியா, இது உனக்குன்னுதான் வாங்கினேன் என்பான். உன் மாமா எப்போதும் இருப்பதிலேயே பெரியதைத்தான் தூக்குவான், அதனால் பெரிதாக, பளபளவென்று ஒன்று வாங்கி வைத்திருப்பான். உன் அப்பாவின் கை தானாக இரும்புக்குப் போகும். என்னைக் கடைசியில்தான் கூப்பிடுவான், மிஞ்சினதை அம்மா தலையில கட்டறேன்னு நினைக்காத, இதுதான் மிஞ்சும்னு தெரிஞ்சே வாங்கினேன் என்பான். நீ தூர தேசம் போன பிறகு உன் பங்கை யாரையும் தொட விட மாட்டான், நீ வந்து எடுக்கும்வரை பீரோவின் மேல்தட்டில் காகிதம் சுற்றிக் கிடக்கும். வாங்குவது தலைக்கு ஒன்று. கூடவும் இருக்காது குறையவும் இருக்காது. கப்பலில் முட்டை அவிக்கிறவன் அப்படித்தான் எண்ணுவான்.

பொம்மைக் கோபுரம், பொம்மைக் கப்பல் இதெல்லாம் வாங்க மாட்டான். மாமாவுக்கு மட்டும்தான் படம் போட்டது. அதெல்லாம் ஊரைப் பார்க்க வர்றவன் வாங்கறது, அந்த ஊர்லயே இருக்கறவன் எதை வாங்கறானோ அதை வாங்கினாத்தான் ஊரு கூடவே வரும் என்பான். ஊர்ப் பெயர்கள் என் வாயில் நுழையாது, எனக்கு அவை சோப்பு ஊர், குடை ஊர், தீப்பெட்டி ஊர். சோப்பு ஊரில் தெரு அவ்வளவு குறுகலாம், இந்த வீட்டு ஜன்னலுக்கும் எதிர் வீட்டு ஜன்னலுக்கும் கயிறு கட்டித் துணி உலர்த்துவார்களாம், கீழே நடக்கிறவன் தலையில் சொட்டுமாம், இவன் யாரோ ஒரு அம்மாவின் போர்வைத் தண்ணீரில் நனைந்துகொண்டே கப்பலுக்குத் திரும்பினானாம். அந்தச் சோப்பை நான் உடம்புக்குப் போட்டதே இல்லை. துணிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன், பீரோவைத் திறந்தால் அந்தத் தெரு வந்து நிற்கிறது, நான் காலே வைக்காத தெரு. குடை ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவே மாட்டார்களாம், மழை வந்தால் மட்டும் மழையைத் திட்டிக்கொண்டு எல்லாரும் சொந்தக்காரர்களாகிவிடுவார்களாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். நீ இருக்கிற ஊர் எனக்குத் தெரியாது. நீ பணம் அனுப்புகிறாய், பணத்தில் ஊர் வராது. குற்றமாகச் சொல்லவில்லை கண்ணு, மனசில் பட்டது எழுதினேன்.

அவன் கடைசியாக வந்திருந்தபோது போனில் உங்கள் இரண்டு பேருக்கும் நடந்தது உனக்கும் மறக்காது, எனக்கும் மறக்காது. கூரை ஒழுகுதுன்னா நான் அனுப்பணும், அப்பா கண்ணுக்கு நான் அனுப்பணும், நீ ஊர் ஊரா விசிலும் தீப்பெட்டியும் வாங்கிட்டு வா, இனிமே எனக்குன்னு ஒரு குப்பையும் வாங்காதே என்றாய். நீ சொன்னதில் தப்பில்லை. தனியாகச் சுமக்கிறவளுக்கு அலுப்பு வரும், அலுப்பில் வாய் வரும். அவன் சிரித்துக்கொண்டேதான், சரிக்கா என்றான். அவ்வளவுதான் உங்கள் சண்டை. அடுத்த பயணத்தில் வயிற்று வலி என்று படுத்தவனைக் கரைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் எல்லாம் கை மீறிவிட்டது. உன் பாஸ்போர்ட், விசாத் தாள்களெல்லாம் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு உன்னால் அப்போது வர முடியவில்லை. அதற்காக உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னால் நான் விட மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை நீ வரவே இல்லை. தாள்கள் கைக்கு வந்தும் வரவில்லை. கேட்டால் லீவு இல்லை என்கிறாய். நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். உனக்கென்று ஒன்றும் இல்லாத பெட்டியைப் பார்க்கப் பயப்படுகிறாய். எனக்கும் அதே பயம்தான். அவன் உன் பேச்சைத் தட்டினதே இல்லை. நீ பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும்போது ரோட்டைத் தாண்டாதே என்றால் நாய் துரத்தினால்கூடத் தாண்டாமல் நிற்கிற பிள்ளை. சரிக்கா என்று சொல்லிவிட்டானே, அப்படியே நடந்துகொண்டிருப்பானோ என்று நினைத்து நினைத்து, சலவைக்கூடத்தில் விரிப்பு தேய்க்கிற ரோலர் மிஷினில் ஒரு நாள் விரலையே கொடுத்திருப்பேன்.

பெட்டியைக் கொண்டுவந்தவன் அவனோடு அதே சமையலறையில் வேலை பார்த்த பையன். வெங்காயம் என்று உன் தம்பி போனில் அடிக்கடி சொல்வானே, அவன்தான். கப்பலில் சேர்ந்த புதிதில் வெங்காயம் உரித்து உரித்தே அழுதவனாம். இப்போது உரிக்காமலே அழுகிறான். லீவில் வந்தவன் தன் வீட்டுக்குக்கூட நேரே போகாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் படியேறி வந்தான். உன் அப்பா அவனை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கீழே தன் பூட்டுச் சாவிக் கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு ஒன்று எடுத்துவந்து போட்டார். சாவி சட்டைப் பைக்குள் போய்விட்டது. திறக்க வேணாமா என்றேன். வேணாம் என்றார். எத்தனை நாளைக்கு என்றேன். கிடக்கட்டும் என்றார். உன் அப்பா ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம், உனக்குத் தெரியும். நானும் விடவில்லை, சாப்பாடு வைக்கும்போது கேட்டேன், படுக்கையைத் தட்டும்போது கேட்டேன். கடைசியில் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, பிரிச்சுக் குடுத்துட்டா அவன் போயிட்டான்னு ஆயிடும்டி என்றார். அவர் சொன்னது எனக்கும் புரிந்தது. ஆனாலும் சொன்னேன். போயிட்டான்தாங்க. பிரிக்காம வச்சிருந்தா, குடுக்காமப் போனவன்னும் ஆயிடும். குடுக்கறதுக்குத்தான் வாங்கினான் என் பிள்ளை, பூட்டி வைக்கறதுக்கு வாங்கலை என்றேன். அவர் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் பெட்டியை இழுத்துப் போட்டுக் கொண்டை ஊசியை நேராக்கி நுனியை வளைத்துப் பூட்டுக்குள் விட்டேன். பூட்டுச் சாவிக்காரரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியாயிற்று, பார்த்துப் பார்த்தே பாதித் தொழில் நமக்கும் வந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. ஒன்றும் வரவில்லை. ஊசி உடைந்ததுதான் மிச்சம், மனுஷர் நல்ல பூட்டாகப் பார்த்துப் போட்டிருக்கிறார். அப்போதுதான் எனக்கு ஒரு வேகம் வந்தது. கீழே இறங்கி, அப்பா கடைக்குப் பக்கத்தில் முடி வெட்டுகிறாரே நம் கத்தரிக்காரர், அவரைக் கூப்பிட்டேன். தலை கழுவ உட்கார்ந்திருந்தவரை அப்படியே நுரையோடு விட்டுவிட்டு வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். தங்கச்சி, உள்ள என்ன, கப்பலையே மடிச்சு வச்சிருக்கானா என்று படிக்குப் படி கேட்டுக்கொண்டே இறங்கினார். இரண்டு பேருமாகக் கொண்டுபோய் உன் அப்பா கடை மேஜைமேல் வைத்தோம். சாவி போட வந்தவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், ஐயா, இந்தப் பூட்டைத் திறந்து குடுக்கணும், சாவி கைக்குக் கிடைக்கலை, எவ்வளவு ஆகும் என்றேன். கத்தரிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். உன் அப்பா என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, பூட்டை மட்டும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, ஞாயித்துக்கிழமை வச்சுக்கோ, எல்லாரும் வீட்ல இருப்பாங்க என்றார். காசு வாங்கவில்லை.

சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பு மடிக்கிறாளே, உன் தம்பி ரேடியோ என்று பெயர் வைத்தவள், அவளிடம் சொன்னேன். விரிப்பின் இரண்டு நுனியை அவளும் இரண்டு நுனியை நானும் பிடித்துக்கொண்டு, உதறி, கிட்டே வந்து, நுனியோடு நுனி சேர்த்து, மறுபடி விலகி, இப்படித்தான் எங்கள் பேச்சு முழுக்க. கிட்டே வரும்போது கேள்வி, விலகும்போது பதில். அக்கா, அவன் இல்லாம எப்படிக்கா எடுப்போம், எடுத்தது சரியா தப்பான்னு யாரு சிரிச்சுச் சொல்றது என்று கேட்டாள். நீ வா, கையை நீட்டு, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம் என்றேன். எந்த நேரமும் வாய் ஓயாதவள் அன்று மிச்ச விரிப்பையெல்லாம் ஒன்றும் பேசாமலே மடித்தாள், மேற்பார்வையாளர் அம்மா வந்து, என்ன, ரேடியோ ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, எப்போதும் வந்து கை நீட்டுகிற உன் மாமா, ரேடியோ, கத்தரிக்காரர், கூடவே வெங்காயம் எல்லாரும் வந்துவிட்டார்கள். உன் அப்பா மட்டும் கீழே கடையில் ஏதோ அவசர வேலை என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை யார் சாவி போட வருகிறார்கள். நான் விரிப்பை விரித்தேன். சாமான் ஒவ்வொன்றும் கப்பல் சமையலறை மாவுப் பையின் காகிதத்தில் சுற்றியிருந்தது, பிரித்தால் மாவு உதிர்ந்தது. பிரித்துப் பரப்பினேனே தவிர எண்ணவில்லை. எண்ணிவிட்டால் உனக்கு உண்டா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும், அந்தத் தைரியம் எனக்கு இல்லை, அரைக் கண்ணை மூடிக்கொண்டேதான் வைத்தேன். அவன் சாய்கிற சுவர்ப் பக்கம் யாரும் உட்காரவில்லை. உன் மாமாதான் முதலில் போனான். கப்பலும் துறைமுகமும் வரைந்த பெரிய எனாமல் தட்டு ஒன்று இருந்தது, நேரே அதைத்தான் தூக்கினான். தூக்கிய பிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது, அக்கா, நான் பெருசைத்தான் எடுப்பேன்னு அந்தப் பய கண்டுபிடிச்சு வச்சிருக்கான் பாரேன் என்று தட்டை முகத்துக்கு நேரே பிடித்து மறைத்துக்கொண்டான். தட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டம் அழுதான். ரேடியோ சின்னப் பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்தாள். எல்லாரும் அது உன் அப்பாவுக்கு என்று நினைத்திருந்தோம். அவள் எடுத்துச் சாவியைத் திருகிப் பார்த்துவிட்டு, எங்க வீட்டு மனுஷன் என் பெட்டியைக் குடையறாருன்னு ஒரே ஒரு தடவை இவன்கிட்ட சொன்னேன்க்கா, நாலு வருஷம் இருக்கும் என்றாள். அப்புறம் கத்தரிக்காரர். அவர் எடுத்தது கம்பளிக் குல்லாய். எடுத்த கையோடு தன் வழுக்கைத் தலையில் மாட்டிக்கொண்டார், காது வரைக்கும் வந்தது, எத்தனை பேர் தலையை நான் பாத்திருக்கேன், என் தலையைப் பாத்தவன் அவன் ஒருத்தன்தான் என்றார். அவர் அழுதுகொண்டேதான் அதைச் சொன்னார், ஆனால் அந்தக் குல்லாயோடு அவர் அழுததைப் பார்த்து வெங்காயம் சிரித்துவிட்டான், அவன் சிரித்ததும் ரேடியோ, அப்புறம் நான், எல்லாரும் சிரித்தோம். பாவம் என்று நினைத்துக்கொண்டேதான் சிரித்தோம்.

அந்தச் சத்தம் கேட்டு உன் அப்பா படியேறி வந்துவிட்டார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகிறது. வாசலில் நின்றார். நான் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டேன். நேரே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் குந்தி உட்கார்ந்து, சைக்கிள் மணி ஒன்று இருந்ததே, அதை எடுத்தார். நமக்குச் சைக்கிளே கிடையாது. கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். அம்மாடி, என்ன சத்தம், கத்தரிக்காரர் குல்லாயைப் பிடித்துக்கொண்டார். உன் அப்பாவுக்கு இடது காது கேட்பதில்லை என்று நம் யாரிடமும் அவர் சொல்லவில்லை, கடைக்கு வருகிறவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம், அதை உன் தம்பி எப்போது கவனித்தானோ. இப்போது அந்த மணி கடை மேஜையில் திருகி வைத்திருக்கிறது, வருகிறவர்கள் தட்டுகிறார்கள். வேண்டுமென்றே இரண்டு தடவை தட்டுகிற சின்னப் பிள்ளைகளை உன் அப்பா ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஊருக்கு நான் மணி ஊர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

வெங்காயம் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். இவ்வளவு தூரம் சுமந்து வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவதா என்று எனக்குத் தோன்றியது, நீயும் எடுப்பா என்றேன். ஐயோ, நான் எதுக்கும்மா என்றான். எடுக்காவிட்டால் நான் விடமாட்டேன் என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். கையை நீட்டினவன், பின்பக்கம் படம் போட்ட ஒரு கைக்கண்ணாடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். படத்தில் ஒரு கடை, கடைக்கு மேலே ஒரு கடிகாரம். பார்த்துக்கொண்டே இருந்தான். இந்தக் கடிகாரத்துக்குக் கீழதாம்மா நாங்க ரெண்டு பேரும் கடைசியா நின்னோம், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கொஞ்சம் நில்லுடா, மூச்சு வாங்கிக்கறேன்னான், அப்பக்கூட நான் கேலிதான் பண்ணேன் என்றான். அந்தக் கண்ணாடி அவனுக்குத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்போது விரிப்பைப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. நான் இன்னும் எடுக்கவில்லை. கடைசியில் இருப்பது என்னுடையது. அப்படியானால் உனக்கு எங்கே என்று நினைத்தேன். சரிக்கா என்று சொன்னானே, சொன்னபடியே செய்துவிட்டானே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரேடியோ, எடுங்கக்கா, ஏன் மடியில கையை வச்சுட்டு உக்காந்திருக்கீங்க என்றாள். உன் மாமா, எடுக்கா, உன்னோடதுதான் அது என்றான். நான் தலையை ஆட்டினேன். அப்போது உன் அப்பா வாயைத் திறந்தார். இந்தத் தம்பி கணக்குல வராதே என்றார். எல்லாரும் அவரைப் பார்த்தோம். இவரு அவன்கூடவே கப்பல்ல இருந்தவரு, இவருக்கு எதுக்கு வாங்கிட்டு வரப் போறான், வாங்கினது ஆறு, தம்பியை விட்டுட்டுப் பாத்தா இங்க நாம அஞ்சு பேரு என்றார். சொல்லிவிட்டு மணியை ஒரு தட்டுத் தட்டினார்.

நீ கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள், நீயே விரல் விட்டுப் பார். அப்பா, நான், மாமா, ரேடியோ, கத்தரிக்காரர். ஆறாவது யார். வேறு யாருக்காவது இருக்குமோ என்று நீ கேட்பாய், நானே கேட்டேன், வெட்கத்தை விட்டு வெங்காயத்திடம், பொண்ணு கிண்ணு யாராவது உண்டாப்பா என்று கேட்டேன். அப்படி யாரும் இல்லை என்று அடித்துச் சொன்னான். சொல்லிவிட்டு யோசித்தான். கடைக்குப் போனா வாங்கறதுக்கு முன்னாடி விரலை மடக்கி எண்ணுவாம்மா, ஒரு கை பத்தாது, இந்தக் கையில கட்டைவிரலையும் மடக்குவான், யாருடா அதுன்னு நான் கேட்டதில்லை, அந்தக் கடைசி ஊர்லயும் மடக்கினான் என்றான். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டாள். வெங்காயத்துக்கு அப்போதுதான் உறைத்தது, துள்ளி எழுந்து, அம்மா, அப்ப இந்தக் கண்ணாடி உங்களோடதோ அக்காவோடதோ, நான் எடுத்துட்டேனே என்று திருப்பி வைக்கப் போனான். நான் அவன் கையைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நீட்டின கை நீட்டினதுதான், இந்த வீட்ல திருப்பி வைக்கிற வழக்கம் கிடையாது என்றேன்.

ஆகவே நடந்தது இதுதான். அவன் உன் பேச்சைத் தட்டியிருக்கிறான். வாழ்நாளில் முதல் தடவையாகத் தட்டியிருக்கிறான். இரண்டு சாமானில் ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. அதில் ஒன்று என் அவசரத்தால் கப்பல்காரப் பையனிடம் போய்விட்டது, நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறது. மிஞ்சியது உன்னுடையதா என்னுடையதா என்று எனக்குத் தெரியாது. உனக்கு வாங்கினதுதான் என்று ஒரு பொய்யை எழுதிக் காகிதத்தில் சுற்றித் தபாலில் அனுப்பியிருக்கலாம், நீயும் நம்பியிருப்பாய். அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன், அவன் விஷயத்தில் சொல்ல மாட்டேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், அவன் வாங்கும்போது உன்னை விடவில்லை. இனி நீ வர வேண்டும். வந்து விரிப்புக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்ட வேண்டும். நீ எடுத்தால் அது உனக்கு வாங்கினது, அப்புறம் பேச்சே இல்லை. எனக்குச் சோப்பு இருக்கிறது, அதற்கு முன்னால் வந்ததெல்லாம் இருக்கிறது, நான் வெறுங்கையோடு இருப்பவள் இல்லை. நீ வரும்வரை நானும் அதைத் தொட மாட்டேன், உன் அப்பாவையும் தொட விடமாட்டேன். விரிப்பை எடுக்கவும் இல்லை. முன்னறையில் அப்படியே கிடக்கிறது, கூட்டும்போது சுற்றிக் கூட்டுகிறேன், உன் அப்பா சுற்றி நடக்கிறார், மாமா ஒரு நாள் மறந்துபோய் மிதிக்கப் போய் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் என்ன இது என்று கேட்கிறார்கள், என் மகள் வரணும் என்கிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி, எனக்குக் கால் நன்றாக இருக்கிறது, நான் சுற்றி நடந்துகொள்வேன்.

அது என்ன சாமான் என்று போனில் கேட்காதே, சொல்ல மாட்டேன். அப்பாவிடம் கேட்டாலும் பிரயோஜனம் இல்லை, மணியைத்தான் தட்டுவார். ரேடியோவிடம் கேட்டால் நீ கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவாள், அதனால்தான் அவள் புது நம்பரை நான் உனக்குத் தரவில்லை. லீவு கேட்கும்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்காதே, தம்பி கொடுத்ததை வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்று நிமிர்ந்து சொல். தரமாட்டேன் என்றால் மறுநாளும் போய் நில், உன் அப்பா கடை வரிசையில் நான் நின்ற மாதிரி நில். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. வரும்போது எங்களுக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம் என்றுதான் எழுத வந்தேன். இல்லை, வாங்கி வா. நீ தினமும் போகிற கடையில், உன் ஊர்க்காரர்கள் வாங்குகிறது எதுவோ அதை, விலை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, தலைக்கு ஒன்றாக வாங்கி வா. எனக்கும் நீ இருக்கிற ஊர் தெரிய வேண்டும்.

அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், வாயால் சொல்லவில்லை, நான் எழுதும்போது பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போனார், அதுதான். எந்தக் குறையும் இல்லாமல், மனசில் எந்தப் பாரமும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட காலம் இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்ததும் தேதியை மட்டும் சொல். வந்ததும் முதலில் அவனை ஆசை தீரத் திட்டு, வேண்டாம் என்று சொல்லியும் ஏன்டா வாங்கினாய் என்று திட்டு, அந்தச் சுவரைப் பார்த்துத் திட்டு. அப்புறம் கையை நீட்டு.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும்
அம்மா